மார்பிள் பாலிஷர்

விசாவில் என் தொழில் மார்பிள் பாலிஷர்.
உதட்டில் டிரம்பெட்.

குதைபியா அறையில் ஆறு கட்டில்,
எந்நேரமும் எவனாவது ஒருவன் தூங்குகிறான்.
ஆகவே சாதகம் அல்தாஃபின் பிக்கப்புக்குள்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு.

வெயிலில் பித்தளை சுருதி ஏறும்,
ஹோட்டல் ஏசியில் இறங்கும்.
இழுத்துச் சரிசெய்ய ஒரு குழாய் இருக்கிறது.
வாடகைக்கு அப்படி எதுவும் இல்லை.

நோன்பு மாதம் முழுக்க வேலை கிடையாது.
குளியலறைக் கண்ணாடி முன்
வெறும் உதட்டைக் கொசு மாதிரி ரீங்கரிக்க விடுவேன்,
தசை மறந்துவிடக் கூடாதே.

நேற்று பெனிட்டோ கூப்பிட்டான்.
ஜுஃபைரில் ஷோரூம் திறப்பு, இருபது தினார்,
கறுப்புக் கோட்டு உன் பொறுப்பு.
நாற்பது நிமிடம் யாரும் திரும்பவில்லை.
ரிப்பன் வெட்டும்போது ஒரே ஒரு உச்ச ஸ்வரம்,
அதற்குத்தான் அழைத்தார்களாம்.
வந்தது. பிசிறில்லாமல் வந்தது.
கேக் கொண்டுபோனவன் தட்டோடு நின்றுவிட்டான்.

காசு அடுத்த வாரமாம்.
சாவியை அழுத்தி வாத்தியத்தின் எச்சிலை வடித்தேன்.
புத்தம்புது மார்பிளில்
என் மூச்சு, ஒரு ரூபாய் அகலத்துக்கு.

யாரும் சொல்லவில்லை,
குனிந்து கர்சீப்பால் துடைத்தேன்,
விசாவில் இருக்கிறபடி,
பளபளக்கும் வரை.