வாசல் தாண்டாத இரும்பு

ஜோயின்வில்லியில் மழை
நேரம் கேட்டு வருவதில்லை.
சைக்கிளைச் சாய்த்து, ரெயின்கோட்டை உதறி
எடைமேடைக்கு வரும்போது
மணி ஐந்து நாற்பது.
முதல் வண்டி எனக்கு முன்பே வந்து நிற்கிறது:
நேற்று ஊற்றி நேற்றே உடைத்த
ரைசர்கள், ரன்னர்கள்,
மணல் அப்பிய குட்டையும் நெட்டையும்.

ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு கிலோ.
எழுதிக்கொள்கிறேன்.

பதினோரு வருடமாய் இதே எழுத்து.
நூறு கிலோ உருக்கினால்
ஐம்பத்து மூன்று, பம்ப் உறையாகி லாரியேறும்.
மீதி என்னிடம் வரும்.
நான் உலைக்கு அனுப்புவேன்,
உலை அச்சுக்கு அனுப்பும்,
அச்சு என்னிடமே அனுப்பும்.

ஒருநாள் ரோசெலியிடம் கேட்டேன்:
நான் சேர்ந்த வாரத்து இரும்பு
ஒரு கைப்பிடியாவது இன்னும்
இங்கேயே வெந்துகொண்டிருக்குமா?
இஞ்சினியர் அல்லவா,
கையுறையின் மேலேயே கணக்குப் போட்டாள்.
"ஒரு மாதம். அதற்குமேல்
கண்ணுக்குத் தெரியும் துகள்கூட மிஞ்சாது, இவனில்டா."
உலையை ஒருபோதும் முழுக்கக் கவிழ்ப்பதில்லையே,
அடியில் கிடப்பது?
கையுறையைத் திருப்பிப் பார்த்தாள்.
பதில் சொல்லவில்லை.

மறுவாரம் வரைபடத்தோடு வந்தாள்.
ஒன்பது கிலோ ரைசரை ஐந்தாக்க வேண்டுமாம்.

டொர்வலினோ உலைமூடியைத் திறந்துவைத்தே
வேலை பார்ப்பவர்.
நிறம் பார்க்க வேண்டும் என்பார்.
திறந்த வாய் வழியே
மின்சாரம் ஆவியாய்ப் போவதை
மீட்டர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.
"வார்ப்பு குளிரும்போது சுருங்கும்,
சுருங்கும்போது பசிக்கும்.
ரைசர்தான் அதற்குச் சோறு.
சோற்றில் கைவைக்காதே பெண்ணே."

கைவைத்தாள்.

நாற்பது உறைகள்.
முதலாவதை ரம்பத்தில் அறுத்தபோது
தடித்த விளிம்புக்குள்
கறுப்பு பீன்ஸ் அளவில் ஒரு குழி.
அடுத்ததிலும்.
அதற்கடுத்ததிலும்.
டொர்வலினோ எதுவும் சொல்லவில்லை,
சொல்லியிருக்கலாம்.
நாற்பதும் என் மேடைக்கு வந்தன.
அந்த வருடத்திலேயே கனத்த வண்டி அதுதான்.
எண்ணை எழுதும்போது
ரோசெலி என் பின்னால் நின்றிருந்தாள்,
மழையில் நனைந்த குரலில்
"பெரிதாய் எழுது" என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து
ரைசரைச் சுற்றி ஒரு சட்டை,
உமியைப் போல் லேசான வெள்ளைக் குழல்.
சூடு ஓடிவிடாமல்
கடைசிவரை உருகியே இருக்குமாம்.
கழுத்தை ஒரு விரல் நகர்த்தி
தடித்த விளிம்பின் தலைக்குக் கொண்டுபோனது
அவள் அல்ல, டொர்வலினோ.
ஒரு ஞாயிற்றுக்கிழமை,
யாரும் கேட்காமல்.

அறுத்தார்கள்.
வெட்டு முகம் முழுக்க ஒரே சாம்பல் பளபளப்பு.
விரலால் தடவினார்,
நகத்தால் சுரண்டினார்,
பிறகு போய்
உலைமூடியை மூடினார்.

இன்று காலை முதல் வண்டி
எழுநூற்று அறுபத்து நான்கு.
தராசு பழுதோ என்று
நானே மேடையில் ஏறி நின்று பார்த்தேன்.
பழுதில்லை,
எனக்குத்தான் இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

உருக்காத ஒவ்வொரு டன்னுக்கும்
அறுநூறு யூனிட் மிச்சம் என்று
அலுவலகச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
அருகே இன்னொரு தாள்:
எடைமேடைக்கு இனி ஒரு ஷிஃப்ட் போதும்.
அதை நான் இரண்டு முறை படித்தேன்.

மதியம் லாரி கிளம்பும்போது
கேட்டருகே நின்றேன்.
தார்ப்பாயின் மேல் மழை.
உள்ளே எங்கோ
பதினோரு வருடப் பழைய கைப்பிடி ஒன்று
பம்ப் உறையாகி உட்கார்ந்திருக்கலாம்,
கணக்கு என்ன சொன்னாலும்.

போகிறவர்களிடம்
"போய் வா" என்பதுதான் முறை.
நான் "போ" என்று மட்டும் சொன்னேன்.