இருபது ரூபாய்

நிலாவெளி பஸ்ஸில் அன்றைக்கு
எனக்கு இருபது ரூபாய் குறைந்தது.
கைப்பையின் அடித்தையலில் ஒரு ஊசி,
பழைய மருந்துச் சிட்டை,
கடற்கரை மணல் கொஞ்சம். காசில்லை.
கொண்டக்டர் காத்திருந்தான்,
பஸ் முழுவதும் காத்திருப்பதுபோல் இருந்தது.

பின் இருக்கையிலிருந்து
சீமெந்து படிந்த ஒரு கை நீண்டது.
"பிறகு பாப்பம் தங்கச்சி" என்றது.
முகத்தைப் பார்க்க நான் திரும்புவதற்குள்
சாம்பல்தீவுச் சந்தியில்
கை இறங்கிப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் நன்றி என்பது
கூட்டம் முடிந்தபின் மைக்கில் சொல்வது.
சோறு போட்டவளிடம் சொன்னால்
காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.
ஆகவே எனக்குச் சொல்லத் தெரியாது.
கொடுக்கத்தான் தெரியும்.
ஒரு இருபது ரூபாய்த் தாளை நாலாய் மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினேன்.

சீமெந்துக் கைகள் இந்த ஊரில் எத்தனை!
ஹோட்டல் கட்டுகிறார்கள், மதில் கட்டுகிறார்கள்,
இடிந்ததைத் திருப்பிக் கட்டுகிறார்கள்.
மூன்று கிழமையாய்
ஆண்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டே
பஸ்ஸில் போய்வருகிறேன்.
என்ன நினைக்கிறார்களோ.

மழை விட்ட வெள்ளிக்கிழமைக் காலை,
மீன் சந்தைக்கு முன்னால் ஒரு ஆண்மான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்து
கோவா இலை தின்னும் மான்களை
இங்கே யாரும் நின்று பார்ப்பதில்லை.
இதற்கோ கொம்பில் நைலோன் வலை,
ஒரு கண்ணை மறைத்து, வாய்வரை இறுகி.

சூடை விற்கும் முஸம்மில் கத்தியோடு எழும்பினார்.
ஓட்டோவை நடுத்தெருவில் விட்டுவிட்டு
சோதிலிங்கம் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.
லொத்தர் விற்கும் குசுமாவதி
தன் துவாயால் அதன் கண்ணைப் பொத்தி,
பிள்ளைக்கு ஊசி போடும்போது சொல்வதுபோல்
சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள்.
நானும் பிடித்தேன். எதை என்று தெரியாது,
ஈரமாய்த் துடித்த எதையோ.

வலை அறுந்ததும்
முஸம்மிலின் முழங்காலில் ஒரு உதை.
சூடைப் பெட்டி கவிழ்ந்தது.
திரும்பியும் பாராமல் தெருவைக் கடந்து
யாரோ எறிந்த பூசணித் தோலை
மெல்லத் தொடங்கிற்று மான்.
"பார் அதின்ர கொழுப்பை" என்றார் சோதிலிங்கம்.
முஸம்மில் காலைத் தடவிக்கொண்டு சிரித்தார்.
சிதறிய சூடையை எல்லோருமாய்ப் பொறுக்கினோம்.
அன்று முழுக்க என் கை மீன் மணத்தது,
மருந்துக்கடையில்
பனடோல் எண்ணும்போதும்.

பின்னேரம் ஒருவர், என் வயதுதான் இருக்கும்,
பிரஷர் குளிசைக்கு இருபது ரூபாய் குறைய
"ரெண்டை வெட்டி எடுங்கோ" என்றார்.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
பிறகு வைத்துவிட்டேன்.
"இண்டைக்கு விலை குறைச்சிருக்கு அண்ணை."
மடித்த தாள் லாச்சிக்குள் போனது.
வீடுவரை எனக்குப் பெரிய ஆள் என்ற நினைப்பு.
கணக்கு முடிந்தது என்று
யன்னலால் தெரிந்த கடலுக்குச் சொன்னேன்.

திங்கட்கிழமை அவர் வந்தார்.
"நாலு கடை விசாரிச்சன்.
ஒருத்தரும் விலை குறைக்கேல்லை."
இருபது ரூபாயை மேசையில் வைத்தார்.
அதன்மேல் ஐந்து முருங்கைக்காய்.
"இது காசுக்கில்லை" என்றார்.
"பொய்க்கு."

ஆக, திரும்பவும்
அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு இருபது.
பைக்குள் அடங்காத முருங்கைக்காய்
பக்கத்தில் இருந்தவளின் தோளில்
குத்திக்கொண்டே வந்தது.
மன்னிப்புக் கேட்டேன்.
பேசாமல் வாங்கித் தன் மடியில் கிடத்திக்கொண்டாள்,
உப்புவெளி வரைக்கும்.
இறங்கும்போது
ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு எடுத்தாள்.