ஒரே மணி

காலை ஒன்பது பத்துக்கு அழைப்பு.
வழமைபோல மூன்றரையைக் கழித்தேன்.
அங்கே இன்னும் விடியவில்லையே, என்ன ஆச்சு?
"கழிக்காத அக்கா" என்றான் ரூபன்.
"எனக்கும் ஒன்பது பத்துதான்."

இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவை.

மகளின் கலியாணம் மெல்பேர்னில்.
யாரோ தேடி எடுத்த மலிவு டிக்கெட்
அவனைக் கட்டுநாயக்காவில் பதினைந்து மணித்தியாலம்
இறக்கி வைத்திருக்கிறது,
கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி.

கல்லடிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கிறேன்.
இடது கையில் பயிற்றங்காய், வலது காதில் அவன்.
"வெளியால வர ஏலாதா?"
கேட்டுப் பார்த்தானாம்.
மேசையிலிருந்த பொடியன் மரியாதையாகத்தான்
அந்தச் சாம்பல் நிறப் புத்தகத்தைத் தாள் தாளாய்ப் புரட்டி
ஒரு வரியில் விரல் வைத்தானாம்:
எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர.
"உலகம் முழுக்கப் போலாம் சேர்"
என்றும் சொன்னானாம், தமிழில், ஆறுதலுக்கு.

கூட வந்த ஜெர்மன் சோடி
நீர்கொழும்பில் இறால் தின்னப் போய்விட்டது.
ஃபோனிலேயே விண்ணப்பம், ஃபோனிலேயே காசு,
தலையில் வைக்கோல் தொப்பி வேறு.

இலவச வைஃபை அரை மணித்தியாலம்தான்.
அறுந்தது.

நான் கணக்குப் பார்த்தேன்.
பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஆறுக்கு அங்கே.
போனால் கண்ணாடி.
கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு கண்ணாடி,
அதற்கப்பால் சாக்லேட் கடை,
அதற்கும் அப்பால் எங்கேயோ தம்பி.
ஏழு மணிக்கு எனக்கு வார்டில் இரவுக் கடமை.
மாறித் தரச்சொல்லி றிஸ்மியாவிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தந்திருப்பாள்.

இரண்டரைக்கு எடுத்தான். கொத்து தின்றானாம், பதினொரு டொலர்.
"உறைப்பே இல்ல" என்று ஐந்து நிமிசம் ஏசினான்.

பிறகு மாலையில், குரல் மாறி.
கோப்பை துடைக்கிற பொடியனிடம்
"தேத்தண்ணி தாங்க, மறுகா காசு தாறன்" என்றிருக்கிறான்.
துடைத்த துணி அப்படியே நின்றதாம்.
"மறுகாவா? நீங்க எவடம்?"
பொடியன் சந்திவெளி. நிரோஜிதன்.
கழுத்தில் ஒரு அட்டை.
அதைக் காட்டினால் எந்தக் கதவும் திறக்கும்.
ஒன்றரை மாதத்துக்கு ஒருக்கால் ஊருக்கும் வருவானாம்.
ரூபன் அந்த அட்டையைப் பற்றியே
கனநேரம் பேசினான்.
அதில் உள்ள படம் சரியில்லையாம்,
கண் மூடின மாதிரி இருக்காம்.

எட்டரைக்கு மருந்து வண்டி தள்ளும்போது மறுபடி:
"அக்கா, இஞ்ச மழை."
"கண்ணாடியால தெரியுதா?"
"இல்ல. நிரோஜிதன் வெளியால போய் நனைஞ்சு வந்தவன்.
சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தன். நல்ல ஈரம்.
நம்மட மழை, அக்கா."

இங்கே மூன்று கிழமையாய்ச் சொட்டு இல்லை.
வாவி கரையை விட்டு உள்ளே போய்ச் சேற்றைக் காட்டுகிறது.
அது கட்டுநாயக்கா மழையடா என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதினேழாம் கட்டிலில் தண்ணீர் கேட்டார்கள்.
"ஓம்" என்றேன்,
இரண்டு பேருக்குமாய்.

பன்னிரண்டு பத்துக்குப் புறப்பட்டிருக்கும்.
அதற்கு முன் ஒரு குரல்பதிவு, முழுக்கச் சிரிப்பு.
வெயிலில் சிவந்து திரும்பிய ஜெர்மன்காரி
அவன் பக்கத்தில் வந்து குந்தி
"அழகான நாடு, நீங்க போயிருக்கிறீங்களா?" என்றாளாம்.
என்ன பதில் சொன்னான் என்பது அதில் இல்லை.

நாலு மணி. காய்ச்சல் பார்த்து எழுதும் தாளின் ஓரத்தில்
ஐந்தரை என்று குறித்து வைத்தேன்.
யாருக்கு ஐந்தரை, நூற்றைந்தா என்று
காலையில் டொக்டர் கேட்பார்.
இவ்வளவு காலமும் கழித்தே பழகினவள்.
நாளையிலிருந்து கூட்ட வேண்டும்.