இலக்கம் 599.33

எசனிலிருந்து இரவு ஒரு மணிக்கு வந்த படத்தை
விடியத்தான் பார்த்தேன்.
ரோச் வெளிச்சம், ஈரச் சருகு,
நடுவில் பொச்சுமட்டை உருண்டது போல ஏதோ.
கீழே சுபாங்கினி எழுதியிருந்தாள்:
"மச்சாள், எங்கட வளவுக்குள்ள முள்ளெலி.
இதைப் பற்றி அறிய நல்ல புத்தகங்கள் சொல்லு. தமிழில."

சுன்னாகத்து நூலகத்தில் பதினொரு வருடமாய்ப்
புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டுகிறேன்.
பாலூட்டிகள் இரண்டு தட்டு.
அதில் யானைக்கே ஒன்றரை.
மிச்சத்தில் மற்ற எல்லாரும் நெருக்கிக்கொண்டு.

முதலில் அகப்பட்டது படக்கதை.
முள்ளெலி சிவப்புச் சட்டை போட்டுச்
சோசரில் பால் குடிக்கிறது.
இதை வாங்காதே. பால் அதற்கு ஆகாது,
வயிற்றோட்டத்தில் செத்தும் போகும்.
சட்டையைப் பற்றி எனக்குத் தெரியாது.

அடுத்தது அகராதி, மட்டை கழன்றது.
'எலியில் ஒரு சாதி.'
மூன்றே சொல், அதிலும் பிழை.

பிறகு தடித்த ஆங்கிலக் கையேடு.
இரண்டு பந்தி, இருட்டான ஒரு படம்.
அக்கரையில் பொட்டல் காடுகளில் ஒரு வகை உண்டாம்.
இலங்கை வரைபடத்தில் ஒரு புள்ளியும் இல்லை.
பீடிக்கட்டு, சேலை, சினிமாப் பாட்டு, ஆட்கள்,
எல்லாம் கடந்த கடல் இது.
அது மட்டும் வள்ளம் ஏறவில்லை.

"முள்ளம்பன்றிப் புத்தகத்தை அனுப்பிவிடும்,
ஆர் பார்க்கப் போகினம்?" என்றார் யோகதாஸ்.
நான் பார்ப்பேன்.

பிள்ளைக்குத்தானே, என்ன வயது என்று கேட்டேன்.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.
கடைசியில் வந்தது:
"அவன் எட்டுப் புத்தகம் முடிச்சிட்டான், ஜெர்மனில.
எனக்குத்தான் மச்சாள்.
சாப்பிடேக்க அவன் கதைக்கிறது
எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

பட்டியலைக் கிழித்தேன். வேறு எழுதினேன்.

வண்டுகளைப் பற்றி எது கிடைத்தாலும் வாசி.
தின்னுவது எதுவென்று தெரியாமல்
தின்னியைத் தெரிந்துகொள்ள ஏலாது.
மண்புழுவுக்கு எங்களிடமே ஒரு கைந்நூல் இருக்கு,
உரம் போடுகிறவர்களுக்கு எழுதியது.
பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து அனுப்புகிறேன்.
உரத்தை விட்டிட்டுப் புழுவை வாசி.
அதற்குப் பிறகு, அவனுடைய எட்டில் ஆக மெல்லியது.
அவனையே வாசிக்கச் சொல்.
விளங்காத சொல்லில் நிற்பாட்டு.
அந்தச் சொல்லை எனக்கு அனுப்பு.

சொற்கள் வந்தன, அவன் குரலில், ஒவ்வொன்றாய்.
முள்ளெலியை 'ஈகல்' என்கிறான்.
என் காதில் அது 'இகல்' என்று விழுந்தது.
அதே மட்டை கழன்ற அகராதி:
பகை, போர், மாறுபாடு.
உடம்பெல்லாம் ஆயுதம் வைத்துக்கொண்டு
ஒருவரையும் துரத்திப் போகாத ஒன்றுக்கு
இப்படியும் ஒரு பெயர்.
சிரித்தேன். அதை மட்டும் அனுப்பவில்லை.

குளிர் முழுக்க அது கிடக்கிற நித்திரைக்கு
அங்கே ஒரு நீளச் சொல்.
நாலு நாள் யோசித்து 'மாரித்தூக்கம்' என்று எழுதினேன்.
எழுதின இரவே மழை.
கிணற்றடியில் தவளைகள் கத்தின கத்தலில்
எனக்கு மாரியும் இல்லை, தூக்கமும் இல்லை.

எல்லாவற்றையும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் சேர்த்தேன்.
விதிப்படி அது புத்தகம் அல்ல.
599.33 ஒட்டி
யானைக்கு முன்னால் செருகினேன்.

கார்த்திகைக் கடைசியில் இன்னொரு படம்.
சருகுக் குவியல், வேறொன்றுமில்லை.
"உள்ளுக்க இருக்காம்.
சத்தம் போடக் கூடாதாம்.
ரண்டு பேரும் ஜன்னலடியில நிண்டனாங்கள்."

எங்கள் தவணை பதினாலு நாள்.
கொப்பியின் கடைசி மட்டையில் சீட்டு ஒட்டி,
திருப்பித் தரும் திகதிக்கு நேரே
பங்குனி என்று அடித்தேன்.

யோகதாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"புத்தகம் இஞ்சைதானே கிடக்கு,
ஆர் எடுத்தது?"