ஏனென்றால்

ஜெலுத்தோங் பிளாட், பதினேழாம் மாடி.
சமையலறை ஜன்னலிலிருந்து துணிக்கம்பத்தின் நுனிவரை
ஏழு மீட்டர் செம்புக் கம்பி.
பக்கத்து வீட்டு ஆ லெங் அதில் துண்டு காயப்போடுகிறார்.
சொல்லிப் பார்த்தேன்.
இப்போது துண்டோடு சேர்த்தே உலகத்தைக் கூப்பிடுகிறேன்.

பயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
தூங்கி எழுந்தால் மணி பன்னிரண்டு.
பதினைந்து மீட்டரில் மியாசாகி வரும்.
மங்களேஸ்வரி என்ற என் பெயர்
அவர் நாக்கில் 'மங்கா'வோடு நின்றுவிடும்.
அவர்கள் மொழியில் படக்கதையாம்.

இந்த வருஷம் சூரியனுக்கு முகமெல்லாம் புள்ளி.
புள்ளி கூடினால் எங்களுக்குக் கொண்டாட்டம்:
உச்சிக் காற்று மின்னேறி இறுகி
எறிந்த குரலைக் கேரம் காயாய்த் திருப்பிவிடும்.
ஐந்து வாட்டுக்கும் பெரு நாட்டில் ஆள் கிடைப்பார்.

அன்று ஒன்று இருபதுக்கு அவர் சொன்னார்:
"மங்கா-சான், சனிக்கிழமை ஆண்டெனாவை இறக்கப் போகிறேன்,
ஏனென்றால்—"

இரைச்சல்கூட இல்லை.
திருகினேன். பாண்ட் முழுக்கத் துடைத்த பலகை.
ஊசி பூஜ்யத்தில் படுத்திருந்தது.
முதலில் ஆ லெங்கின் துண்டைத்தான் சந்தேகித்தேன்.

சூரிய வெடிப்பு இங்கே வந்து சேர எட்டு நிமிடம்.
அப்படியென்றால்
'அங்கே மழையா' என்று அவர் கேட்டபோதே
அது கிளம்பிவிட்டிருக்கிறது.
'இல்லை, வெயில்' என்றேன் நான்.

கீழே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
லோரி பின்னால் எடுத்தது. கைப்பேசியில் யாரோ சண்டை.
சென்டோல்காரர் ஐஸ் தேய்த்தார்.
தூரத்தில் பட்டர்வொர்த் பெர்ரி.
பகல் விழுந்த பாதி பூமிக்குக் காது அடைத்தது
எங்களைப்போல் சிலருக்குத்தான் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் பாண்ட் திரும்பியது.
அவர் வரவில்லை.
இரண்டு நாள் கழித்து,
வெளிச்சத்துக்குப் பின்னால் அதன் உடம்பு நடந்து வந்தது.
காந்தப் புயல். எல்லாக் குரலும் தண்ணீருக்கடியில்.
அதற்குள் சனிக்கிழமை போய்விட்டது.

செவ்வாய், மக்ரிப் பாங்கு முடிந்ததும்
ஆறு மீட்டர் திறந்தது.
டார்வின்காரர் ஒருவர்; பொழுது சாய்ந்தபின்
எங்கள் வானத்துக்கே உரிய நடுக்கம் குரலில்.
"ஐந்து ஒன்பது" என்றார். பாதிதான் கேட்டிருக்கும்.
எனக்கும் பாதிதான். "ஐந்து ஒன்பது" என்றேன்.
எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.
மியாசாகி அங்கே கேட்கிறதா என்று கேட்டேன்.
அந்தக் கேள்வி நடுக்கத்திலேயே போயிற்று.

பதிவேட்டில் தொடங்கிய நேரம் இருக்கிறது.
முடிந்த நேரத்துக்கான கட்டம் வெள்ளை.
நாளைக்கும் வெயில் என்கிறார்கள்.
ஆ லெங் இன்னொரு துண்டோடு வருகிறார்.