மருந்துக்குக்கூட இல்லை

முதல் தாளில் நடுவே ஓட்டை.
ஓட்டை என்றால் துளையில்லை,
துளையே விழாத இடம்.
சுற்றிலும் நூற்றுப் பதினெட்டு ஈயப் பொட்டுகள்.
நடுவில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு
மருந்துக்குக்கூட ஒன்றில்லை.
ஒரு காட்டுக்கோழி அங்கே உட்கார்ந்து
நிதானமாய் இறகு கோதலாம்.

"துப்பாக்கிக்குக் கண் தெரியவில்லை, ஹில்யா"
என்றான் வெர்னர் ஒயாலா,
பனிவாரி வண்டியை அணைக்காமல், ஜன்னல் வழியே.
அவன் உள்ளங்கையைக் குழித்து அளப்பவன்.

நான் பகலெல்லாம் மருந்துக்கடையில்
மில்லிகிராம் நிறுப்பவள்.
பொழுது சாய்ந்தால் இன்னொரு மருந்து:
கறுப்பு, கந்தக வாசம், மூன்றேகால் டிராம்.
அதன்மேல் தடித்த அட்டை,
அட்டைமேல் கம்பளித் தக்கை,
தக்கைமேல் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் ரவை,
கடைசியில் மெல்லிய மூடி.
இடிகோலால் இறுக்கி
இருபத்தைந்து அடி வைத்து நடந்து திரும்புவேன்.
இலக்குக்கு, இருமல் மருந்து விளம்பரத்தின் முதுகு.
சுட்டபின் திருப்பினால்
சிரிக்கிற பெண்ணுக்குப் பாதிப் பல் இருக்காது.

நோட்டில் எழுதினேன்.
இரண்டு: மருந்தைக் குறைத்தேன். வளையம் ஒடுங்கியது,
வெற்றிடம் அசையவில்லை.
மூன்று: மூடிக்கு ஓட்ஸ் டப்பாவில் வெட்டிய வட்டம். சொல்ல ஒன்றுமில்லை.
ஐந்தும் ஆறும் பனியில் ஊறிப்போயின, கணக்கில் இல்லை.
ஏழு: குளவிக்கூடு.
கொட்டகைக் கூரையில் காலியாய்த் தொங்கியது,
கிழித்து உருட்டித் திணித்தேன்.
சாம்பல் துணுக்குகள் தீப்பிடிக்காமல்
வெண்பனிமேல் மெதுவாய் இறங்கின.
ரவை முழுக்க இடப்பக்கம்.
"குளவிக்கு இன்னும் கோபம்" என்றான் வெர்னர்.

ஒன்பதாவதில் பிடிபட்டது.
தடித்த தக்கை அவசரக்காரன்.
குழாய் வாயைத் தாண்டியதும்
முன்னே போகிற கூட்டத்தின் முதுகில் கைவைத்து
நடுவே புகுந்து விலக்கிக்கொண்டு போகிறான்.
கம்பளியைக் கத்தியால் பாதியாய்ப் பிளந்தேன்.
ஆலிவ் எண்ணெயில் ஓரிரவு.
மருந்துக்கும் ரவைக்கும் இனி ஒரே கிண்ணம்,
தலை தட்டி, சரிக்குச் சரி.

பதினொன்று: நூற்று அறுபத்து நான்கு.
ஆறிய தேநீர்க் கோப்பையைத் தாளில்
எங்கே வைத்தாலும்
நாலு பொட்டாவது அதன் அடியில் மறைந்தது.
வெர்னர் வண்டியை அணைத்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
பதினோரு வருடத்துக்கு முன்
இரண்டு சீசாவில் சீட்டை மாற்றி ஒட்டினேன்.
யாரும் சாகவில்லை.
ரூடி ஹெய்க்கினன் மூன்று நாள் தூங்கினார்.
எழுந்து, நல்ல தூக்கம் என்று நன்றி சொன்னார்.
அன்றிலிருந்து எதையும் இருமுறை எண்ணுகிறேன்,
வீட்டு மாடிப்படி உட்பட.

சனிக்கிழமை. ஏரிக்காற்று
ஆஸ்பென் மரங்களின் வெள்ளைத் தோலை உரசியது.
காலடியில் புதர் வெடித்ததுபோல்
எழுந்தது கோழி,
விசிறி வாலை முழுக்க விரித்து,
குழாய் நுனிக்கு நேரே, மிக நேரே.
விரலை இழுத்தேன்.

டப்.

செப்புத் தொப்பி மட்டும்.
சுத்தி விழுந்த கணமே தெரிந்துவிட்டது:
தக்கையை இருமுறை பார்த்திருக்கிறேன்,
ரவையை இருமுறை.
உள்ளே
மருந்துக்குக்கூட மருந்தில்லை.

காம்பைத் திருகிக் கழற்றி
ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை உள்ளே தட்டி,
மறுபடி தொப்பி வைத்து, வெறும் பனியை நோக்கிச் சுட்டேன்.
தும்மல் அளவுக்கு ஒரு சத்தம்.
பத்தடியில் கொட்டிய மிளகாய்
என் ரவை. பின்னாலேயே,
இந்த முறை யாரையும் தள்ளாமல்,
பிளந்த தக்கை.

கோழி எந்தப் பக்கம் போனது
என்று கேட்டான் வெர்னர்.
நடுவில், என்றேன்.