ரசமட்டம்

இரண்டு மில்லிமீட்டர் என்றாலும்
என் கண்ணுக்குத் தப்பாது.
கிரான்போர்ன் புதுவீடுகளில்
எந்தக் குளியலறைச் சுவர்
எந்த மூலையில் பொய் சொல்கிறது என்று
வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.
பதினாறு வருடமாக ஓடு பதிக்கிறேன்.

மிதுனாவுக்குப் பன்னிரண்டு.

பிப்ரவரியில், நோபிள் பார்க் நீச்சல் குளத்தில்
பள்ளிப் போட்டி.
முதுகு காட்டி வரிசையில் நின்ற
ஏழாம் வகுப்புப் பெண்களில்
ஒருத்தியின் வலது தோள்பட்டை மட்டும்
ஒட்டாமல் எழும்பிய ஓடு மாதிரி.
யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம் என்று நினைத்தேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பினாள்.

அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருந்ததாம்:
தோள் இரண்டும் ஒரே உயரமா,
இடுப்பு மடிப்பு ஒரு பக்கம் ஆழமா,
கைகளைச் சேர்த்துக் குனிந்தால்
விலா ஒரு பக்கம் மேடாகிறதா.
மூன்று வாரம் அது பையின் அடியில்
வாழைப்பழத் தோலோடு கிடந்தது.

இரவு சமையலறையில் குனியச் சொன்னேன்.
விளக்கை அணைத்து
டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன்,
பதித்த தரையில் மேடு பார்ப்பது போலவே.
வலப்பக்கம் ஒரு சின்னக் குன்று.
இடப்பக்கம் அதன் நிழல்.
"முடிஞ்சுதாப்பா?"
"முடிஞ்சுது" என்றேன்,
டார்ச்சை இறக்காமல்.

சுகந்தி பையைக் குற்றம் சொன்னாள்.
எடை பார்க்கும் மிஷினில் ஏற்றிக் காட்டினாள்: ஏழு கிலோ.
பிறகு ஃபோனை. பிறகு
சோபாவில் சுருண்டு படிக்கும் பழக்கத்தை.
பிறகு, கொஞ்சம் தாமதமாக, என்னை:
ஊருக்கெல்லாம் கோணல் பார்க்கிறவர்.

எக்ஸ்ரேயில் இருபத்தொன்பது டிகிரி.
மருத்துவர் ஹாலரன்
ஆங்கில எழுத்தொன்றைக் காற்றில் வரைந்தார்.
நான் பார்த்தது ழகரத்தின் வால்.
அவள் நாக்குக்கு இதுவரை வராத எழுத்து.

பையும் ஃபோனும் முதுகை வலிக்க வைக்கும்,
இப்படி வளைக்காது என்றார்.
இது யார் செய்ததும் இல்லை என்றார்.
யார் செய்ததும் இல்லை என்பதை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
வேனில் பசை வாளிகளுக்கு நடுவே
வைத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தில் வளையாதது என்று
ஃபோனில் தொடங்கிய என் அக்கா
பாதியில் நிறுத்தி, மழை உண்டா என்று கேட்டாள்.

இன்னும் வளர்கிறாள், அதனால் பிரேஸ்.
நேராக்க அல்ல,
இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள.
ஒரு நாளைக்கு இருபது மணி நேரம்.
முதல் வாரம், விழுந்த பென்சிலை எடுக்க
முழங்கால் மடக்கி இறங்கினாள், குட்டி ஒட்டகம் போல.
வகுப்பில் ஒருவன்
கதவைத் தட்டுவது போல் தட்டிப் பார்த்தானாம்.
உள்ளே ஆள் இல்லை என்றாளாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
நான் வேனுக்குப் போய் எதையோ தேடினேன்.

டிசம்பரில் வெயில் நாற்பதைத் தொட்டது.
பனியனைப் பிழிந்தால் தண்ணீர்.
இடுப்பில் மூன்று பட்டைகளின் தடம்,
ஈர சிமெண்டில் யாரோ கால் வைத்த மாதிரி.

நேற்று, பிரேஸ் இல்லாத அந்த நாலு மணி நேரத்தில்,
கராஜுக்கு வந்து
என் ரசமட்டத்தை எடுத்தாள்.
தோள்களுக்குக் குறுக்கே வைத்தாள்.
"பாருப்பா."
குமிழி வலது கோட்டைத் தாண்டி நின்றது.
"கொஞ்சம்" என்றேன்.
"எவ்வளவு கொஞ்சம்?"

குளியலறைத் தரையை யாரும் மட்டமாகப் போடுவதில்லை,
சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் நின்றுவிடும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
"கதை வேண்டாம். எண்ணைச் சொல்லு."

இடது தோளுக்கும் மட்டத்துக்கும் நடுவே
ஓட்டு ஆப்புகளை ஒவ்வொன்றாகச் செருகினேன்.
கூச்சத்தில் நெளிந்தாள். ஆடாதே என்றேன்.
குமிழி நடுவுக்கு வந்தது.

பதினொன்று.

மார்ச்சில் அடுத்த எக்ஸ்ரே.
சுவரில் அவள் உயரம் குறித்த கோடுகளுக்குப் பக்கத்தில்
தேதி போட்டு எழுதினாள், என் பென்சிலால்.
பென்சிலைத் திருப்பித் தரவில்லை.